ஒரு நொடித் திக்கல்

ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவரின் கால் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பும், கியர் இரண்டுக்கு இறங்கும், ஸ்டியரிங் நேராகிற நேரத்தில் கால் மறுபடி மிதிக்கும். அந்த மறுமிதியில்தான் எங்கள் அம்பாசடர் திக்கியது. கால் கீழே போய்விட்டது, வண்டி வரவில்லை. ஒரு நொடி, சில வளைவுகளில் ஒன்றரை நொடி. பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல ஓர் உதறலோடு கிளம்பும். கடிகாரத்தில் ஒரு நொடி ஒன்றுமில்லை. ஏற்றத்தில், வளைவின் நடுவில், பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது அந்த ஒரு நொடியில் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

பின் இருக்கையில் அம்மா இருந்தார். ஆறாவது வளைவோ ஏழாவதோ, முன்னால் சாய்ந்து சொன்னார்: "அப்பா ஓட்டறப்ப இந்த மாதிரி நின்னு நின்னு வந்ததில்லையே கண்ணு." குற்றமாகச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் அதே இருக்கையில், அதே சாலையில் உட்கார்ந்து போனவர். அவருக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் தெரியாது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் தெரியாது. ஆனால் அந்த வண்டி எப்படிப் போகவேண்டும் என்பது அவருடைய முதுகுக்குத் தெரியும்.

1978-ஆம் வருஷத்து வண்டி. அப்பா 1986-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அவர் போன பிறகு என்னிடம் வந்தது. விற்றுவிடச் சொன்னவர்கள் நிறைய. விற்காமல் வைத்திருக்கிறேன் என்றால் சரியாக ஓடவும் வேண்டும் அல்லவா? கொட்டகையில் துணி போர்த்தி வைக்க எனக்கு விருப்பமில்லை. எனவே மூன்று பட்டறைகளுக்குப் போனேன். மூன்றிலும் வார்த்தை பிசகாமல் ஒரே பதில் வந்தது: "வயசாயிடுச்சுங்க. இந்த வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

இந்தப் பதில்தான் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், இரவில் படுத்த பிறகும். வயது என்றால் என்ன? இரும்புக்கு மனிதனைப் போல மூச்சு வாங்குவதில்லை. 1978-இல் உத்தரபாரா தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று இந்த இன்ஜின் திக்கியிருக்காது. இன்று திக்குகிறது என்றால் இடையில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்க வேண்டும், கிழிந்திருக்க வேண்டும், அடைத்திருக்க வேண்டும், அல்லது காணாமல் போயிருக்க வேண்டும். அந்த ஒன்றுக்குப் பெயர் இருக்கும், இடம் இருக்கும். வயது என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயரைத் தேடவேண்டிய அவசியம் போய்விடுகிறது. முழங்கால் வலி என்று போன அம்மாவிடம் மருத்துவர் ஒருவர் இதே வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு வந்த கோபம்தான் பட்டறை வாசலிலும் வந்தது.

ஆனால் கோபம் கண்டுபிடித்துக் கொடுக்காது. அடுத்த இரண்டு மாதம் நான் செய்தது சாமான் வாங்கிப் போடுவதுதான். முதலில் நான்கு ஸ்பார்க் பிளக். அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டும் அதன் துணையான கண்டென்சரும். பிறகு காயில். அதற்கப்புறம் ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஹைடென்ஷன் வயர்கள். இதில் மனசை ஏமாற்றும் ஒன்று உண்டு: எதைப் போட்டாலும் இரண்டு நாளைக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். புது பிளக் போட்டு காலை ஆறரை மணிக்குச் சேலத்தில் அஸ்தம்பட்டி வரை ஒரு சுற்று போய்வந்தால், "ஆமாம், தேவலை" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். காலைக் குளிர், காலியான சாலை, செலவழித்த பணம் எல்லாம் சேர்ந்து அப்படிச் சொல்லவைக்கிறது. மூன்றாம் நாள் மதியம் ஐந்து ரோட்டில் சிக்னல் பச்சையாகும்போது தெரிந்துவிடும். இதற்கு நடுவே சில சமயம் இரண்டு சாமான்களை ஒரே நாளில் மாற்றினேன். அதனால் எது என்ன செய்தது என்ற கணக்கும் கலைந்துபோயிற்று.

எப்போ திக்குது?

பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவர் சொல்லித்தான் அந்தப் பெரியவரிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் இப்போது கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற வண்டிகளைத்தான் பார்க்கிறார். அம்பாசடர் வந்தால் மட்டும் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வருவார் என்றார்கள். அன்று எழுந்து வரவில்லை. நான் பானெட்டைத் திறக்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூடுங்க தம்பி. மொதல்ல சொல்லுங்க. எப்போ திக்குது?"

ஏற்றத்தில் என்றேன். அவருக்கு அது போதவில்லை. ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே இருக்கும்போதா, விட்டு மிதிக்கும்போதா? மெதுவாக மிதித்தால்? மூன்றாவது கியரில் ஒரே சீராகப் போகும்போது மிஸ்ஸிங் (தாளம் தப்புவது) உண்டா? குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? டேங்கில் பெட்ரோல் குறையும்போது அதிகமாகிறதா? ஸ்லோவில், அதாவது மிதிக்காமல் ஓடவிட்டு நிற்கும்போது, ஆடுகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் நின்று யோசித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது. மூன்று மாதமாக அந்த வண்டியை ஓட்டியவன் நான். திக்குகிறது என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கேள்விகளுக்குள் ஒரு சல்லடை இருந்தது என்று பிறகு புரிந்தது. பெட்ரோல் போதவில்லை என்றால் (பம்ப் சோர்ந்தாலும், குழாய் அடைத்தாலும்) நீண்ட ஏற்றத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போதுதான் வண்டி மெல்ல மெல்லச் செத்துப்போகும். விட்டு மிதிக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் அல்ல. பிளக், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இவற்றில் கோளாறு என்றால் சுமை ஏறும்போது ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும், தாளம் தப்பும். நான்கும் சேர்ந்து மூச்சடைக்காது. கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேனிஃபோல்டு குழாயில் காற்று கசிந்தால் ஸ்லோவிலேயே ஆட்டம் தெரியும். எங்கள் வண்டி ஸ்லோவில் ஓரளவு சீராக நின்றது. சீராகப் போகும்போது மிஸ்ஸிங் இல்லை. மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் திக்கலும் இல்லை. சட்டென்று அழுத்தினால் மட்டும்தான்.

பெரியவர் இன்னும் இரண்டு கேட்டார். "சோக் இழுத்துப் பாத்தீங்களா?" பார்த்திருக்கிறேன். மலையேறும்போது சோக்கை அரை அங்குலம் இழுத்துவிட்டால் திக்கல் ஏறக்குறைய போய்விடும். இதை நானே கண்டுபிடித்து, அவசரத்துக்கு உதவும் ஒரு வழியாக வைத்திருந்தேன். "மேல போனப்புறம்?" மேலே, ஏரிக்கரைப் பக்கம் ஓட்டும்போது அடிவாரத்தில் இருந்த அளவு இல்லை என்றேன்.

"பொறவென்ன தம்பி, வண்டி சொல்லிடுச்சே. சோக் இழுத்தா பெட்ரோல் கூடுது. மேல போனா காத்து லேசாயிடுது, அப்பவும் பெட்ரோல் பங்கு கூடுது. ரெண்டுலயும் நல்லா போகுது. அப்ப மிதிக்கிற நேரத்துல அதுக்குப் பெட்ரோல் பத்தலை."

இதைத்தான் நான் இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். சோக்கை இழுத்தபோது கிடைத்தது வண்டியை வீடு சேர்க்கும் உபாயம் மட்டுமல்ல, கேள்விக்கான பதிலும் அதுதான். ஒரு கோளாறை எது குறைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் கேட்ட கடைசிக் கேள்வி: "இது எப்ப ஆரம்பிச்சுது? அதுக்கு முந்தி யாரு எதைத் தொட்டாங்க?"

மடையும் வாய்க்காலும்

பழைய கார்புரேட்டர் வண்டியில் இந்த நோய் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்கு அது புரிந்த பிறகுதான் பயம் போயிற்று. கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பாதையில் பெட்ரோல் முழுவதும் ஆவியாகப் போவதில்லை. ஒரு பகுதி மேனிஃபோல்டின் உள்சுவரில் ஈரமாகப் படிந்து, வழிந்து போகிறது. காலை எடுத்திருக்கும்போது உள்ளே வெற்றிடம் அதிகம். அந்த ஈரம் உறிஞ்சப்பட்டுச் சுவர் காய்ந்திருக்கும். சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும், அது லேசானது. பெட்ரோல் பின்தங்கும். வந்த பெட்ரோலிலும் ஒரு பங்கைக் காய்ந்த சுவர் குடித்துவிடும். மடையைத் திறந்ததும் முதல் தண்ணீரைக் காய்ந்த வாய்க்கால்தானே குடிக்கிறது. கடைசி வயலுக்கு வந்துசேர நேரம் ஆகும். அந்த நேரம்தான் என் ஒரு நொடி.

எல்லாக் கார்புரேட்டரிலும் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு குட்டி பம்ப் உண்டு. மிதித்தவுடன் அது ஒரு பீச்சு பெட்ரோலை அதிகமாக அடிக்கும். எங்கள் வண்டியில் இருக்கும் எஸ்.யு. கார்புரேட்டரில் அந்த பம்ப் கிடையாது. அதன் தலையில் கவிழ்த்த குடம் போல ஒரு பாகம் இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி, ஊசி இறங்கும் ஒரு ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை. காற்று அதிகம் இழுக்கப்பட்டால் பிஸ்டன் உயரும், ஊசி மேலே போகும், ஜெட்டில் வழி அகலும். எல்லா வேகத்துக்கும் ஒரே ஜெட்டும் ஒரே ஊசியும்தான். இவ்வளவு எளிமையாக ஒரு விஷயத்தைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மிதித்தவுடன் அதிகம் வேண்டிய அந்தப் பெட்ரோலுக்கு அவர்கள் வைத்த ஏற்பாடு இன்னும் எளிமை: பிஸ்டன் தண்டின் குழிக்குள் கொஞ்சம் எண்ணெய். மேல் மூடியிலிருந்து தொங்கும் ஒரு சிறு தடுப்பான் அந்த எண்ணெய்க்குள் நிற்கிறது. சட்டென்று மிதித்தால் எண்ணெய் பிஸ்டனை உடனே எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். வழி குறுகலாகவே இருப்பதால் காற்று இன்னும் வேகமாகப் பாய்ந்து, ஜெட்டிலிருந்து பெட்ரோலை அதிகமாக உறிஞ்சும். அந்தக் கணத்தில் காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். வாய்க்கால் குடித்ததற்கு ஈடாகிவிடும்.

இனி அன்று நடந்தது. பெரியவர் ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னார். கார்புரேட்டரின் வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனை மேலே தள்ளினார். ஒரு தடையும் இல்லாமல், தீப்பெட்டியைத் திறப்பது போல அது எழும்பியது. என் கையைப் பிடித்து என் விரலாலும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பிறகு மேலே இருந்த கறுப்பு மூடியைத் திருகி எடுத்தார். கீழே தொங்கிய தண்டு காய்ந்து கிடந்தது. பழைய துணியில் துடைத்தார், துணியில் கறைகூட ஒட்டவில்லை.

மகனிடமிருந்து கொஞ்சம் இன்ஜின் ஆயில் வாங்கிவந்து, குழியின் விளிம்புக்கு மேலே அரை அங்குலம் நிற்கும்படி ஊற்றி, மூடியைத் திருகினார். இப்போது விரலால் தள்ளினால் பிஸ்டன் தேன் பாட்டிலுக்குள் இருக்கும் கரண்டி போல மெல்ல, எதிர்த்துக்கொண்டு எழும்பியது. விட்டதும் தடையின்றி இறங்கி அடியில் டக் என்று உட்கார்ந்தது. மேலே போகத்தான் தடை, கீழே வரத் தடை இல்லை. சுத்தமாக இருக்கிற கார்புரேட்டரில் அந்த டக் கேட்கவேண்டும் என்றார். கேட்காவிட்டால் பிஸ்டன் பக்கச் சுவரில் உரசுகிறது அல்லது ஜெட் நடுவில் இல்லை என்று அர்த்தமாம்.

திக்கல் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் பெட்ரோல் வழிகிறது என்று ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். கழற்றிக் கவிழ்த்தபோது எண்ணெய் கொட்டியிருக்க வேண்டும். திரும்ப ஊற்றத் தோன்றவில்லை. அவ்வளவுதான். நாற்பது ரூபாய்க்குக்கூட வராத எண்ணெய்.

அன்று மாலை அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அதான் அப்பா அந்தக் குட்டி பாட்டில்ல ஊத்துவாரே" என்றார். எந்தப் பாட்டில்? இருமல் மருந்து பாட்டில். எண்ணெய் நிரப்பி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருப்பார், மாதத்துக்கு ஒரு தடவை பானெட்டைத் திறந்து நாலு சொட்டு விடுவார். அந்தப் பாட்டில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா இறந்த பிறகு வண்டியைச் சுத்தம் செய்தபோது கிழிந்த வரைபடம், துருப்பிடித்த பிளேடு, தீர்ந்துபோன பேனாக்களோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டவன் நான்தான். எண்ணெய்ப் பிசுக்கு, யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது. ஒரு மனிதரின் பழக்கத்துக்குள் எத்தனை அறிவு இருந்தது என்று அவர் இருக்கும்போது நான் கேட்டதே இல்லை.

மிச்சமிருந்த பாதி

எண்ணெய் ஊற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிடலாம். ஆனால் உண்மை அது இல்லை. சட்டென்று மிதித்தால் வந்த பெரிய அடைப்பு அன்றே போய்விட்டது. ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் லேசாக அழுத்திப் போகும்போது ஒரு சோர்வு, மெல்லிய உதறல் இருந்துகொண்டே இருந்தது. பெரிய சத்தம் நின்ற பிறகுதானே சின்னச் சத்தம் கேட்கும். மறுபடி போனேன். இந்த முறை கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன்: சூடான பிறகு, மூன்று நான்கு கியரில், லேசாக மிதிக்கும்போது மட்டும், முழுதாக மிதித்தால் இல்லை.

பெரியவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை மறக்கமாட்டேன். கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை உருவி, வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார். உறிஞ்சி நாக்கால் அடைத்தால் குழாய் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எனக்கு பழச்சாறு தீர்ந்த ஸ்ட்ராவை உறிஞ்சியது போலக் காற்றுதான் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் வட்டத் தகரப் பெட்டி போல இருக்கிறதே, அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. லேசாக மிதித்துப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிவாக இருக்கும்; மெலிந்த கலவை மெதுவாக எரியும்; எனவே தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழவேண்டும். வெற்றிடத்தை உணர்ந்து பொறியை முன்னால் இழுப்பது அந்தச் சவ்வின் வேலை. அது கிழிந்தால் பொறி தாமதமாக விழும், பெட்ரோல் அதிகம் செலவாகும், இன்ஜின் சூடேறும், அந்த ஓட்டை வழியே கார்புரேட்டருக்குள் திருட்டுக் காற்றும் போகும். முழுதாக மிதிக்கும்போது அந்த வெற்றிடம் இல்லாததால் அதற்கு அங்கே வேலையும் இல்லை, கோளாறும் தெரியாது. வேறொரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நல்ல சவ்வுள்ள பெட்டி ஒன்றை எடுத்து மாட்டினோம்.

இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. நான் புதுக் காயில் போட்டும், பிளக் போட்டும் எதுவும் மாறாததற்குக் காரணம் அவை இரண்டுமே நான் வாங்கிய எந்தச் சாமானிலும் இல்லை என்பதுதான். இப்போது இதில் எனக்குக் கோபம் இல்லை. பட்டறைக்காரர்களுக்கு நேரமில்லை, ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்க்கவேண்டும், எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள வண்டி மாதத்துக்கு ஒன்றுகூட வராது. ஆனாலும் "அப்படித்தான் இருக்கும்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள், நான் வேறிடம் போய்க்கொள்கிறேன்.

எதற்குப் பின் எது

திக்கல் போன பிறகுதான் முழு ட்யூனிங் செய்யத் திட்டமிட்டேன். கோளாறு இருக்கும்போதே ட்யூனிங் செய்தால் கோளாறைச் சுற்றித்தான் எல்லாவற்றையும் திருகிவைப்போம். பிறகு கோளாறு சரியானதும் திருகியதெல்லாம் தப்பாகிவிடும். ட்யூனிங்கில் நான் கற்றுக்கொண்டது வரிசை. பெரும்பாலோர் முதலில் கை வைக்கிற கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொடவேண்டும். மற்ற எல்லாவற்றின் குறையும் கார்புரேட்டரின் குறை போலத்தான் காட்டும்.

முதலில் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. எங்கள் இன்ஜினுக்கு 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. இடைவெளி அதிகமானால் டக் டக் என்று கேட்கும், நாம் கவனிப்போம். குறைந்தால் சத்தமே இராது, ஆபத்து அதில்தான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேயாமல் அந்த ஈயம்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இப்போது இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி தானாகக் குறையும், ஒரு நாள் வால்வு முழுதாக மூடாமல் கருகும். சத்தமில்லாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்று நினைத்திருந்தேன், அதை மாற்றிக்கொண்டேன். பெரியவர் சொல்லிக்கொடுத்த கணக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது: எட்டு வால்வு, எண்ணிக்கை எப்போதும் ஒன்பது. எட்டாவது முழுதாக அமுங்கியிருக்கும்போது முதலாவதைப் பார், ஏழாவது அமுங்கினால் இரண்டாவது, ஆறாவது அமுங்கினால் மூன்றாவது. கூட்டினால் ஒன்பது வரவேண்டும். எந்தக் குறியும் பார்க்கவேண்டாம், கையேடும் வேண்டாம்.

டேப்பட்டுக்கு அடுத்து பிளக்கைக் கழற்றிய கையோடு கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம், பார்ப்பது. நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் போதும், மேலே போகலாம். இல்லையென்றால் ட்யூனிங்கை அங்கேயே நிறுத்திவிடவேண்டும், அதற்கு மேல் செய்வது எல்லாம் வீண். பிளக் இடைவெளி 25 தவ். பிறகு பாயிண்ட், 15 தவ். பாயிண்டுக்குப் பிறகுதான் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். ஏனென்றால் பாயிண்ட் இடைவெளி மாறினாலே டைமிங் மாறும். பாயிண்டின் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக விரைவில் கருகினால் கண்டென்சரைச் சந்தேகிக்கவேண்டும். புதியது என்பதாலேயே அது நல்லது என்று நம்பக்கூடாது. நான் வாங்கிய புதுக் கண்டென்சரைக் கழற்றிவிட்டு அப்பா போட்ட பழையதையே திரும்பப் போட்டிருக்கிறேன். டைமிங்கை நுணுக்கமாகத் திருத்த டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகுமுகம் உண்டு, அதில் ஏ, ஆர் என்ற எழுத்துகள். ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால். இத்தனை வருஷம் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. இன்னொன்று, இரவில் விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பானெட்டுக்குள் பார்ப்பது. வயர்களில் எங்காவது கசிவு இருந்தால் நீலமாக மின்னும். எங்கள் வண்டியில் மின்னவில்லை. பார்த்த பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியாகக் கார்புரேட்டர். இங்கே இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்கவேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கிய, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வந்துவிட்டது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது பங்கு போதும். கலவைக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை. புதிய வண்டிகளில் சென்சார் அதை அறிந்து கூடுதலாக ஊற்றிக்கொள்ளும். 1978-இன் கார்புரேட்டருக்குக் கண் இல்லை. அது பழைய கணக்கிலேயே ஊற்றுகிறது, அதாவது எப்போதும் கொஞ்சம் மெலிவாக. எண்ணெய் காய்ந்தபோது என் வண்டி அவ்வளவு மோசமாகத் திக்கியதற்கு இதுவும் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். நல்லவேளையாக எஸ்.யு.வில் இதைத் திருத்துவது எளிது. அடியில் ஜெட்டைத் தாங்கும் அறுகோண நட்டை முகம் முகமாகத் திருப்பிக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். ஒரு முகம் திருப்புவது, பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிவிட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்பது. வேகம் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம், நின்றுபோகப் பார்த்தால் குறைவு, சற்றே கூடித் திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் சரி. எனக்கு இரண்டு முகம் தேவைப்பட்டது. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிட்டேன். கழற்றிய பழைய குழாயை மடக்கியபோது பிஸ்கட் போல உடைந்தது. சூடான இன்ஜின் மேல் அது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதை ஒன்றையாவது இந்த வாரமே செய்துவிடுங்கள்.

போன மாதம் மறுபடி ஏற்காடு போனோம். அடிவாரத்துச் சோதனைச்சாவடி தாண்டியதிலிருந்து எனக்குக் காது முழுவதும் இன்ஜினில்தான். முதல் வளைவில் காலை எடுத்து, இரண்டாவது கியர் போட்டு, மிதித்தேன். வந்தது. ஒன்பதாவது வளைவில் பின்னால் பேருந்து வந்தது, மிதித்தேன், வந்தது. அம்மா பின்னால் உட்கார்ந்து, பெங்களூரில் இருக்கும் அக்கா மகளுக்குக் கொய்யா வாங்குவதா, பலா வாங்குவதா என்று பேசிக்கொண்டே வந்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலை ஆறு மணிக் குளிரில் முதல் ஐந்து நிமிஷம் மட்டும் புகை கொஞ்சம் கறுப்பாக வருகிறது, மிதித்தால் லேசாகத் தடுமாறுகிறது. பெரியவர் ஊற்றிய இன்ஜின் ஆயில் கையேடு சொல்வதைவிடத் தடிப்பானது. குளிரில் பிஸ்டனை அதிக நேரம் பிடித்துவைக்கிறதோ என்று சந்தேகம். கையேட்டில் 20 எண் எண்ணெய் என்று போட்டிருக்கிறது. அதை ஒரு இருமல் மருந்து பாட்டிலில் வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஊற்றிப் பார்க்கப்போகிறேன். வேறு எதையும் தொடாமல், அதை மட்டும்.